தஸோனி பெயர் ஒட்டிய நீல சைக்கிள்

எர்மெத்தே ஸகாத்தி ஒரு பழைய பந்தய சைக்கிளின் சீட்டைக் கழற்றினால், அந்த ஃபிரேம் பற்றவைக்கப்பட்ட நாளின் வானிலை குழாய்க்குள்ளிருந்து வெளியே வரும். சைக்கிளைச் சுற்றி நான்கடிக்கு மட்டும். போ என்ற ஆற்றின் கரையிலுள்ள அந்தச் சிற்றூரில் ஆண்டுதோறும் நடக்கும் பழைய சைக்கிள் பந்தயத்தில் 1987க்கு முன் செய்த வண்டிகளுக்கு மட்டுமே இடம். ஆகவே வயதைச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார், எர்மெத்தே கிடைத்தார். மூடுபனி வந்தால் நவம்பர், புழுக்கம் வந்தால் ஆகஸ்ட். தேவாலயப் பாதிரிமார் எழுதிவைத்த வானிலைக் குறிப்போடு ஒப்பிட்டால் தேதியே கிடைத்துவிடும். தரை நனைந்து பாழாகிறது என்று நகராட்சி முணுமுணுத்ததால் மூன்று நிமிடத்தில் சீட்டை மாட்டிவிடுவார். மற்றபடி யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையில் நிற்பவர்கள் குடையோடு வந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சோதனை நடக்கும் மண்டபத்தின் வாசலில் மாவுப் பூரி பொரித்து, மொர்த்ததெல்லா இறைச்சி வைத்து விற்பவள் டெல்ஃபினா ரொவெர்சி. எழுபத்தைந்து வயது, தீக்காயத் தழும்புள்ள கைகள். இளமையில் பத்தொன்பது வருடம் அத்திலியோ தஸோனியின் சைக்கிள் பட்டறையில் வேலை பார்த்தவள். ஸ்டிக்கர் ஒட்டினாள், கூட்டிப் பெருக்கினாள் என்று ஊர் சொன்னது. அவள் பித்தளையை உருக்கிக் குழாய்களைப் பற்றவைத்தாள் என்பது உண்மை. ஆனால் அந்த நாட்டில் பட்டறையில் யார் செய்தாலும் முதலாளி பெயரைத்தான் ஒட்டுவார்கள், அது யாருக்கும் உறுத்தியதே இல்லை. அத்திலியோ செத்தபின் அவர் பெயரில் ஒரு தெருவே வந்தது. டெல்ஃபினா தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் மாவு வாங்கப் போனாள்.

அந்த வருடம் மோதெனாவிலிருந்து பல் டாக்டர் பின்செல்லி ஒரு வெளிர்நீல தஸோனி சைக்கிளைக் கொண்டுவந்தார். எர்மெத்தே கண்ணாடியை மூக்கில் ஏற்றி ஒரு சுற்று வந்தார். கியர் கம்பி பெடல் அச்சுக்கு மேலே போகிறது, இணைப்புகளில் இதய வடிவ ஓட்டை, பின்சக்கர நட்டில் 72 என்று முத்திரை. எல்லாம் அந்த ஆண்டுத் தஸோனி வண்டிகளோடு ஒத்துப்போனதால் சீட்டைக்கூடத் தொடாமல் படிவத்தை நிரப்பத் தொடங்கினார். செய்தவர், அத்திலியோ தஸோனி. ஆண்டு, 1972.

"எழுபத்திமூணு," என்றாள் டெல்ஃபினா, எண்ணெய்க் கரண்டியோடு உள்ளே வந்து. "செஞ்சது நானு."

வரிசை சிரித்தது. "டெல்ஃபினா அக்கா, பூரி கருகுது பாரு!" என்றான் ஒருவன்.

"கருகட்டும்டா, உன் மண்டைக்குள்ள இருக்கறதவிட நல்லாத்தான் இருக்கும்." அவள் எர்மெத்தே பக்கம் திரும்பினாள். "அந்த நட்டு போன வருசத்து மிச்சம். அலமாரியில கெடந்ததத்தானே மாட்டுவோம்? ஜூலையில அத்திலியோ கை ஒடஞ்சு கட்டுப் போட்டிருந்தாரு. இதப் பத்தவச்ச அன்னிக்கு ஆலங்கட்டி மழை. சீட்டக் கழட்டுங்க."

எர்மெத்தேவுக்கு அவமானமாக இருந்தது; முப்பது வருடத்தில் யாரும் அவரைத் திருத்தியதில்லை. ஆனாலும் மனிதர் நேர்மையானவர். சீட்டைக் கழற்றினார். சுண்டைக்காய் அளவில் ஆலங்கட்டி கொட்டியது, டாக்டரின் வழுக்கையில் இரண்டு விழுந்தன.

"ஆலங்கட்டி எல்லா வருசமுந்தான் விழுது," என்றார் டாக்டர், தலையைத் தடவிக்கொண்டு. தஸோனியே தன் கையால் செய்தது என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லிவிட்டிருந்தார் பாவம்.

மூன்று நிமிடம் ஆயிற்று. எர்மெத்தே திரும்ப மாட்டச் சீட்டை எடுத்தார். டெல்ஃபினா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. ஆலங்கட்டி ஓய்ந்தது. அதற்குப் பிறகு என்ன வரும் என்று அதுவரை யாரும் காத்திருந்து பார்த்ததில்லை. வந்தது சூடான பித்தளை வாசனை. அதன் பின்னால் ஓர் இளம்பெண்ணின் குரல்.

"கைதான ஒடஞ்சுது, வாய் ஒடையலயே! போய்ப் படுத்து சூப்பக் குடிங்க மொதலாளி. இந்தப் பின்குழாய நான் பத்தவச்சிக்கிறேன்."

"கத்தாத டெல்ஃபினா," என்றது ஓர் ஆண்குரல், மண்டபத்தில் பாதிப்பேர் நன்றாகவே அறிந்த குரல். "உன் அளவுக்கு நேரா எனக்கு வராதுன்னு ஊருக்கே தெரியணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. டெல்ஃபினா எர்மெத்தேவின் மணிக்கட்டை விட்டாள். டாக்டர் குனிந்து பின்குழாயைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப என் வண்டி நேரா இருக்கா?" என்று கேட்டார்.

"கைய விட்டுட்டு ஓட்டிப் பாருங்க டாக்டர்."

எர்மெத்தே படிவத்தைக் கிழித்துப் புதியதை எடுத்தார். டெல்ஃபினா அதைப் பிடுங்கிக்கொண்டு, செய்தவர் என்ற கட்டத்தில் தானே பெயரை எழுதினாள். மாவும் எண்ணெயும் ஒட்டிய விரல்களால் அவள் எழுதிய பெரிய பெரிய எழுத்துகள் ‘வண்டி ரகம்’, ‘ஆண்டு’ ஆகிய கட்டங்களையும் தாண்டிக் காகிதத்தின் ஓரம்வரை போய்விட்டன. 1973 என்று எழுத இடமே இல்லை. எர்மெத்தே அதைப் பார்த்தார், முத்திரை குத்தினார், ஆலங்கட்டியைப் பெருக்கச் சொல்லிவிட்டு அடுத்த சைக்கிளைக் கூப்பிட்டார்.