யார் வழி வந்தது

தையல்காரருக்குக் கை நடுங்கத் தொடங்கி நான்கு வருடம். ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும் கடையை மூடிவிட்டார். வயசானால் வரும் நடுக்கம் என்று உள்ளூர் டாக்டர்கள் ஆளாளுக்கு மாத்திரை எழுதினார்கள். போன மாதம் குளியலறையில் இரண்டு முறை விழுந்தார். மூத்த மருமகன்தான் லீவு போட்டு நரம்பு டாக்டரிடம் கூட்டிவந்தான்.

அந்த டாக்டரம்மா கையை மட்டும் பார்த்து நிறுத்தவில்லை. "ஒரே கோட்டுல, குதிகாலை விரலோட ஒட்டி வெச்சு நடங்க."

மூன்றாவது அடியில் தையல்காரர் சாய, மருமகன் தாங்கிக்கொண்டான்.

"குடிப்பீங்களா?"

"டீயே அரை டம்ளர்தாங்க."

டாக்டர் சிரித்துவிட்டு, அவர்கள் எடுத்துவந்திருந்த மூளை ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "வீட்டுக் குழந்தைங்கள்ல யாராவது லேட்டா பேசறது, படிப்பு ஏறாததுன்னு இருக்கா?"

மூத்த மகளின் பையனுக்கு ஒன்பது வயது. நாலு வார்த்தை சேர்த்துப் பேசமாட்டான். "எங்க பக்கம் இப்படி யாரும் கிடையாது, எல்லாம் உங்க வம்சம்" என்று உறவுக்காரர்கள் முன்னால் சம்பந்தியை மென்னியைப் பிடிக்காத குறையாகக் கேட்டவர் தையல்காரர். அதன்பிறகு சம்பந்தி அந்த வாசலை மிதிக்கவில்லை.

மருமகன்தான் பையனைப் பற்றிச் சொன்னான். தாத்தா, மகள், பேரன் மூவருக்கும் டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார்.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது.

"மூணு பேருக்கும் ஒரே மரபணுக் கோளாறு, பரம்பரையா வர்றது. உங்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம். மககிட்ட வெளிய தெரியாம இருந்திருக்கு. தலைமுறை மாறும்போது கூடி, பேரனுக்கு முழுசா வந்துடுச்சு."

"என்கிட்டருந்தா?"

"ஆமாங்க. அப்பாகிட்டருந்து மகன்களுக்குப் போகாது. மகள்கள் எல்லாருக்கும் போகும்."

தையல்காரருக்கு மருமகன் பக்கம் திரும்பத் துணிவில்லை. மேசை விளிம்பைப் பிடித்தார். அதன்மேல் இருந்த பேனாக்கள் கடகடத்தன.

"மாப்பிள்ளை, உங்க அப்பாவை நான்..."

"அதை விடுங்க மாமா." மருமகன் முகமும் வெளிறியிருந்தது. "எல்லா மகள்களுக்கும்னு சொல்றாங்களே. சின்னவ?"

சின்ன மகள் மூன்று மாதக் கர்ப்பம். முந்தின நாள்தான் போனில் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லியிருந்தாள்.

"உடனே வரச் சொல்லுங்க," என்றார் டாக்டர். "குழந்தைக்கு இருக்கா இல்லையான்னு இப்பவே பாத்துடலாம்."

வராந்தாவில் தையல்காரரின் விரல் தப்புத் தப்பான எண்களில் விழுந்தது. மருமகன் போனை வாங்கி அழுத்திக் கொடுத்தான்.

"உக்காந்துக்கம்மா, ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தார்.

டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னார். கேட்டு முடித்த சின்ன மகள், "நாளைக்கு வரேம்பா," என்றாள்.

தையல்காரர் போனை நீட்டினார். "வீட்டுக்கு வேணாம் மாப்பிள்ளை. உங்க அப்பாகிட்ட கூட்டிட்டுப் போங்க."