பதினாறில் பத்து போனால்

பதினாறு என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கடைசியில் ஆறு என்று காதில் விழுகிறதா இல்லையா? புஷ்பாவைக் கேலி செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் இதை யோசிக்க வேண்டும்.

தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில், அவள் அப்பா முருகானந்தம் கடைசி மூச்சுகளை எண்ணிக்கொண்டு கிடந்தார். பழைய பட்டாளத்துக்காரர். நுரையீரல் கைவிட்டுவிட்டது. புஷ்பா வந்துவிட்டாளா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெலிகாப்டரில் இடமில்லை. தம்பி உதயசூரியன் அலைந்து திரிந்து கப்பல் டிக்கெட் எடுத்து அக்காவின் போனுக்கு அனுப்பினான். புறப்படும் நேரம் 16:00 என்று போட்டிருந்தது.

இந்த மாதிரி எண்களை அவள் கணவர் ரவிக்குமார்தான் மணியாக மாற்றிச் சொல்வார். அவர் கடல் தாண்டி மெயின்லாண்ட் போயிருந்தார், போனை எடுக்கவில்லை. தம்பியைக் கேட்கலாம். ஆனால் நாற்பத்தெட்டு வயதில் தம்பியிடம் போய் மணி கேட்பதா? அவன் கணக்கில் நூறு வாங்கிய நாட்களில் எல்லாம் சுவரோரம் முட்டி போட்டவள் இவள். அதனால் தானே கழித்துப் பார்த்தாள். பதினாறில் பத்து போனால் ஆறு. மூன்று தடவை கழித்தாள், மூன்று தடவையும் ஆறுதான் வந்தது.

மக்கு என்று நினைத்துவிடாதீர்கள். கேம்பல் பேயிலிருந்து இரண்டு நாள் கப்பல் தூரத்தில், பாம்பூஃப்ளாட்டில் ஒரு பள்ளியில் மதிய உணவு சமைப்பவள். உட்கார்ந்திருக்கும் வரிசையை ஒருமுறை பார்த்தால் போதும், சோறு ஒரு கரண்டி மிஞ்சாது, ஒரு பிள்ளைக்குக் குறையாது. நூற்று நாற்பத்திரண்டு பேர் என்று எழுதி நீட்டினால்தான் அரிசியை எத்தனை படி அளப்பது என்று அவளுக்குத் தெரியாது.

நாலு மணிக்கு மேல் படகேறி, எதிர்க்கரை சாத்தமில் இறங்கி, ஆட்டோ பிடித்துக் கப்பல்துறை ஜெட்டிக்குப் போனாள். ஐந்துக்கெல்லாம் வந்துவிட்டோம் என்று பெருமை வேறு. கப்பல் நிற்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது. நாலு மணிக்கே போய்விட்டது என்றார் வாயிற்காவலர். அடுத்த கப்பல் நாலு நாள் கழித்து.

உதயசூரியன் கூப்பிட்டான். "ஏறிட்டியாக்கா?"

"ஃபெர்ரி லேட்டுடா. கப்பலை விட்டுட்டேன்."

பொய் தானாக வந்தது. சின்ன வயதிலிருந்தே பழகிய நாக்கு. அவன் ஃபெர்ரிக்காரர்களைத் தமிழிலும் இந்தியிலும் திட்டித் தீர்த்தான். பிறகு, "அப்பா பேசணுமாம். காதுல வெச்சிட்டு நான் வெந்நீர் எடுத்தாரேன்" என்றான்.

இழுப்புச் சத்தத்துக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது.

"டிக்கெட்ல என்னா போட்டிருந்தான்?"

"பதினாறுப்பா."

"பத்தைக் கழிச்சியா?"

புஷ்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் மனசுக்குள் போட்ட கணக்கு. உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"நானும் பத்தைத்தான் கழிப்பேன்" என்றார் அப்பா. "பட்டாளத்துல பதினாறு மணிக்கு ஃபாலின், வரிசையில நிக்கணும்னா, ஆறு மணிக்குப் போய் நிப்பேன். முதுகுல மூட்டையக் கட்டி ஓட வுடுவாங்க. பதினஞ்சு வருசமும் சிப்பாய்தான். கணக்கு வந்தாத்தானே மேல போறதுக்கு?"

சுவரில் கரியால் வட்டம் போட்டு, மணி சொல்லு, மணி சொல்லு என்று ஸ்கேல் முறியும்வரை அடித்த மனுஷன். கையில் வாட்ச் கட்டிக்கொண்டே, "உதயா, மணி என்னடா?" என்று அதட்டுவார். அதை அதிகாரம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தாள்.

"அப்புறம் ஏம்பா என்னை அந்த அடி அடிச்சீங்க?"

"என்னுது உனக்கும் வந்துடுச்சேன்னு பயம்மா. அடிச்சா போயிடும்னு நெனச்சேன்." மூச்சு வாங்கியது. "உதயன்கிட்ட சொல்லாத. நீ வா. நான் இருக்கேன்."

சொன்னபடி இருக்கத்தான் பார்த்தார். அவள் விட்ட கப்பல் இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தபோது, சங்கொலி கேட்டுக் கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தாராம். அதற்குப் பிறகும் ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தார். நாலாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். உதயசூரியன் போனில் சொன்னபோது புஷ்பா படகுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு அவளுடைய டிக்கெட்டில் 14:00 என்று இருந்தது. அவள் கணக்குப்படி நாலு. காலைப் படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத வங்காளிப் பெண்ணிடம் போனை நீட்டி, "எனக்குக் கணக்கு வராது. இது எத்தனை மணி?" என்று இந்தியில் கேட்டாள். பிறந்ததிலிருந்து ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "தோ பஜே" என்றாள். இரண்டு மணி.

இவ்வளவுதானா என்றிருந்தது புஷ்பாவுக்கு. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று சட்டென்று தோன்றி, போனில் அவர் பெயரைத் தேட ஆரம்பித்தாள்.