காலி ஓட்டம்

காலரில் தொடங்கித் தோள்பட்டைக்கு வந்தாள். கைப்பட்டியை விரித்து அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் கை, முன்பக்கம், கடைசியாக முதுகு. சலவைக் கடையில் முப்பத்திரண்டு வருடமாக அவள் சட்டை தேய்க்கும் வரிசை இதுதான். இன்று காலை எட்டு மணிக்கும் அது மாறவில்லை. பலகையில் கிடந்தது கணவருடைய வெளிர்நீலச் சீருடைச் சட்டை. பத்தரை மணிக்கு அவரை இதில்தான் படுக்க வைக்கப்போகிறார்கள்.

"முதுகையும் தேய்க்கணுமா என்ன? படுத்துதானே இருக்கப்போறான், யாரு பாக்கப்போறா?" என்றாள் நாத்தனார். தம்பி போன செய்தி கேட்டு நேற்று ராத்திரியே வந்து இறங்கியவள். அழுது முடித்துவிட்டு இப்போது வீட்டு நிர்வாகத்தைக் கையில் எடுத்திருந்தாள்.

"பழக்கம் அண்ணி," என்றவள் முதுகை இரண்டு தடவை தேய்த்தாள்.

மகன் வெள்ளைச் சட்டை போடலாம் என்றுதான் சொல்லிப் பார்த்தான். அப்பா ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது, இனி யூனிஃபார்ம் எதற்கு என்றான். அவள் இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணினாள். முப்பத்தொரு வருடம் அவர் ஓட்டியது ஒரே பஸ், ஒரே வழி. அந்தச் சட்டையில்லாமல் அவரைக் கண்ணாடிக்கே அடையாளம் தெரியாது.

அழுகை மட்டும் வருவதாக இல்லை. ராத்திரியிலிருந்து அவளும் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள். நாற்காலிகள் எத்தனை வரும், அடுக்களையில் பால் போதுமா, கடையில் அவள் பாதியில் விட்டுவந்த படுக்கை விரிப்புகளை யார் முடிப்பார்கள் என்றெல்லாம் தோன்றிக்கொண்டிருந்ததே தவிர, தோன்ற வேண்டியது தோன்றவில்லை. வாய்க்குள் பல் டாக்டர் ஊசி போட்டபின் உதடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

"கையில அந்தக் கருமத்தைப் பிடிச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டானே!" என்று கூடத்தைப் பார்த்துச் சொன்னாள் நாத்தனார். சாய்வு நாற்காலிக்கு எதிரே டிவியின் கீழ், ஆடும் கைப்பிடியோடு இருந்த கறுப்பு வீடியோ கேம் பெட்டியைத்தான் சொன்னாள். மகன் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தான்.

அந்தப் பெட்டியை வாங்கிவந்ததும் அவன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், அப்பாவின் இதயம் பாதிதான் வேலை செய்கிறது, படி ஏறக்கூடாது, தெருமுனைக்கு மேல் நடக்கக்கூடாது என்று டாக்டர் கையை விரித்தபோது கொண்டுவந்து மாட்டினான். அதில் ஒரு விளையாட்டு. மலை, காடு, ஆறு, ஊர் என்று திரைக்குள் ஒரு தேசமே இருந்தது. ஒரு ஆளை உண்டாக்கி அதற்குள் விட்டுவிட்டால் போதும், இஷ்டத்துக்குச் சுற்றலாம். இங்கே போ, அங்கே போகாதே என்று சொல்ல நாதியில்லை. ஆனால் டிரைவர் ஆயிற்றே! முதல் மூன்று மாதம் ரோட்டைவிட்டு இறங்கவே இல்லை. குதிரைமேல் போய்க்கொண்டு, முச்சந்தி வந்தால் நிறுத்தி, வலமும் இடமும் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

"அப்பா, புல்லுமேலயும் போகலாம்ப்பா" என்று மகன் தலையில் அடித்துக்கொள்வான்.

"ரோடு இருக்கும்போது எதுக்குடா?"

தானாக ஒருநாள் ரோட்டைவிட்டு இறங்கினார். அதற்கப்புறம் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. எந்த மலை உச்சியில் என்ன பூ பூத்திருக்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் கதை சொல்வார். "நீயும் வாயேன் குடைக்காரி. உனக்கும் ஒரு ஆள் பண்ணலாம். சும்மா நடந்துட்டு வரலாம்" என்பார்.

குடைக்காரி என்றால் அவள்தான். கல்யாணத்துக்கு முந்தைய சங்கதி அது. வேலைக்குப் போகும்போது அவருடைய பஸ்ஸில் மூன்று தடவை குடையை மறந்துவிட்டு இறங்கினாள். மூன்றாம் தடவை அவர் பஸ்ஸைச் சலவைக் கடை வாசலிலேயே நிறுத்தி, ஹாரனை அழுத்தி, கடைத்தெரு மொத்தமும் பார்க்கக் குடையை நீட்டினார். பெயர் அன்றைக்கு ஒட்டியது.

அவளுக்கு அந்த விளையாட்டைக் கண்டால் ஆகாது. முதல் நாளே அவள் கண்ணெதிரில் ஓநாய்கள் நாலைந்து சேர்ந்து அவருடைய ஆளைக் குதறிப் போட்டன. "செத்துட்டேன் குடைக்காரி!" என்று சிரித்தார். அடுத்த நிமிஷம் பொத்தானை அழுத்தி எழுந்து உட்கார்ந்தார். போகப்போக அது வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. கூடத்திலிருந்து "செத்துட்டேன்!" என்று குரல் வரும். "சரி, கையைக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க" என்று இவள் அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாள்.

நேற்றுக் காலை அவள் செருப்பு மாட்டும்போது கேட்டார், "இன்னைக்கு வந்ததும் அஞ்சே அஞ்சு நிமிஷம். வரியா?"

"நாளைக்குப் பாக்கலாம்."

நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். திரையில் குதிரை நின்ற இடத்தில் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கையைக் கழுவிட்டு வாங்க, காப்பி போடறேன் என்றாள். காப்பியைக் கலந்துவிட்டு, "எத்தனை தரம் சொல்றது, கையைக் கழுவுங்க" என்று இரண்டாம் தடவையும் சொன்னாள். அதற்குப் பிறகுதான் கிட்டே போனாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மயானத்தில் எல்லாம் சட்டுப்புட்டென்று முடிந்தது. டிப்போவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் செய்தார்களே என்று அவளும் ஒரு பிடி மண் போட்டாள். நகத்துக்குள் புகுந்த மண்ணை வண்டியில் வரும்போது ஒவ்வொரு விரலாக எடுத்துக்கொண்டே வந்தாள். நல்ல கெட்டியான மண், துணியில் பட்டால் லேசில் போகாது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. வந்த வேகத்தில் அதுவும் மரத்துப்போயிற்று.

இரண்டு மணிக்குக் கூட்டம் கலைந்தது. மிஞ்சியது நாத்தனார், மகன், டிப்போ மெக்கானிக் என்று மூன்று பேர். மெக்கானிக்கை எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். குளித்து முழுகி வெள்ளைச் சட்டையில் வந்திருந்தும் விரல் இடுக்கில் கறுப்பு போகவில்லை. டிரைவருக்கு இருபது வருடச் சிநேகிதம். காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு போகவும் மனமில்லாமல், இருக்கவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

மகன் எங்கிருந்தோ ஒரு அட்டைப்பெட்டியை எடுத்துவந்தான். துண்டை விலக்கி, ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தான்.

"அம்மா, இதை எடுத்துடறேன். பாக்கப் பாக்க உனக்குக் கஷ்டமா இருக்கும். என் ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுக்கிட்டிருந்தார். உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சிட்டுக் குடுத்துடலாம்."

"ம்," என்றாள். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை.

"முதல்ல அதைப் பண்ணு, வீடு வெளங்கும்" என்றாள் நாத்தனார்.

கிரீஸ் டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, அழிக்கறதுக்கு முன்னாடி... தங்கச்சி ஒரு தரம் பாத்துடட்டுமே."

"எதைண்ணே?" என்றாள் அவள்.

"சொல்லலாமா கூடாதான்னு காலையிலேர்ந்து யோசிச்சிட்டு இருக்கேன். மூச்சு விடக்கூடாதுன்னான் உன் புருஷன். அதுல உனக்கு ஒரு ஆள் பண்ணி வெச்சிருக்கான்மா. எட்டு மாசம் ஆச்சு."

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மங்கலாக நினைவு வந்தது. அவள் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரையைப் பார்த்தபடியே ஏதேதோ கேட்டார். முடி கறுப்பா நரையா? இருக்கறதையே வையுங்க. உயரம்? ஏன், என்னைத் தெரியாதா? கையில கத்தி வேணுமா, வில்லு வேணுமா? எனக்கெதுக்குங்க அதெல்லாம், ஒரு குடை குடுங்க. என்ன கேட்கிறார் என்றுகூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ வேலைக்குப் போனப்புறம் உன் ஆளை எடுத்துப் பாதையைச் சுத்தம் பண்ணுவான்," என்றார் கிரீஸ். "ஓநாய், வழிப்பறிக்காரன், ஒண்ணு பாக்கியில்லாம விரட்டிட்டு, மறுபடி ஆரம்பிச்ச எடத்துலயே கொண்டாந்து நிறுத்திடுவான். ஏன்டா இந்த வேலைன்னு கேட்டேன். புது ரூட்டுல ஜனங்களை ஏத்தறதுக்கு முன்னாடி காலி வண்டியை ஒரு தரம் ஓட்டிப் பாக்கறதில்லையா, எங்க பள்ளம், எங்க வளைவுன்னு? அதுதான்னான். அவ வந்தா பயப்படக்கூடாதுன்னான்."

மகன் பிடுங்கிய ஒயரைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"போன வாரம் போன் பண்ணினப்போ இன்னும் கொஞ்சம்தான் பாக்கின்னான்" என்று முடித்தார் கிரீஸ்.

ஒயர் திரும்பச் சொருகப்பட்டது. திரையில் இரண்டு வரி வந்தது. மேல் வரி அப்பாவுடையது, அறுநூற்றுப் பதினோரு மணி நேரம் ஆடியது என்று மகன் படித்துச் சொன்னான். கீழ் வரியில் ஆங்கில எழுத்தில் குடைக்காரி என்று இருந்தது. நாற்பத்து மூன்று மணி நேரம்.

"மேல இருக்கறதைத் தொடாதே" என்றாள் அவள்.

"தொடலைம்மா. தொட்டா அவர் நின்ன எடம் மாறிடும்."

"மண்ணு போட்ட கை இன்னும் காயல," என்று நாத்தனார் எழுந்துவிட்டாள். "இன்னைக்குத்தான் இது கேக்குதா? நாலு பேர் காதுல விழுந்தா என்ன பேசுவாங்க? நாளைக்குப் பாத்துக்கக்கூடாதா?"

அந்த வார்த்தை அவளுக்குள் எங்கோ போய் இடித்தது. நாளைக்கு என்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் சொன்ன நாள், இன்றுதான்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சுலபம். பெட்டி போய்விடும், மாலைக்குள் அடுக்களையைக் கழுவிவிடலாம். ஆடிப்பார்த்து ஒன்றும் தோன்றாமல் போய்விட்டால்? இதற்கும் மரத்துப்போயே உட்கார்ந்திருந்தால், அப்புறம் அவள் என்ன பிறவி? அந்தப் பயம்தான் அவளைக் கட்டிப்போட்டது. ஓநாய் இப்போது ஒரு பொருட்டே இல்லை.

"குடு" என்று கையை நீட்டினாள்.

சாய்வு நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். விளையாட்டுக் கைப்பிடியில் இடது கட்டைவிரல் படும் இடம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அடுக்களைக்குப் போகவில்லை, சுவரோரமாகவே நின்றாள்.

திரையில் ஒரு கல் வாசல். அதன் கீழே குட்டையாக, நரைத்த கொண்டையுடன் ஒரு பொம்பளை முதுகைக் காட்டி நின்றிருந்தாள். கையில் நீளமாக ஒரு கோல்.

"குடை இல்லைபோல. கோலைக் குடுத்திருக்கார்" என்றான் மகன்.

"சட்டை முதுகெல்லாம் கசங்கிக் கெடக்கு" என்றாள் அவள்.

மகன் திரையில் வரைபடத்தை எடுத்துக் காட்டினான். தேசம் முழுக்க மேகம் கவிந்ததுபோல் சாம்பல் நிறம். இதுவரை கால் படாத இடமெல்லாம் அப்படித்தான் இருக்கும் என்றான். அதன் நடுவே ஒரே ஒரு ரோடு மட்டும் கோடாகத் திறந்திருந்தது. ரோட்டோரம் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். மகன் எண்ணினான். ஒன்பது.

"இது என்னன்னு தெரியலையே. ஆட்டத்துல இதெல்லாம் கிடையாது. அப்பாவாத்தான் வெச்சிருக்கணும்."

"பஸ் ஸ்டாப்புப்பா," என்றார் கிரீஸ். "இது தெரியலையா?"

ஒன்பதாவது புள்ளிக்குப் பிறகு ரோடு கொஞ்ச தூரம் போய்ச் சாம்பலுக்குள் மறைந்தது.

அவள் கட்டைவிரலை அழுத்தினாள். குடைக்காரி நேரே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். முட்டியபடியே நடந்தாள். "மெதுவாம்மா, லேசாத் திருப்பு," என்றான் மகன். திருப்பியதில் முழுச்சுற்றுச் சுற்றி வந்த வழியைப் பார்த்து நின்றாள். சுவரோரத்திலிருந்து நாத்தனார், "அந்தப் பக்கம் இல்லை, வலது பக்கம்" என்றாள். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

ரோடு ஏறிப் போயிற்று. இரண்டு பக்கமும் மரங்கள். எதுவும் பாய்ந்து வரவில்லை. ஒரு குருவிகூடக் குறுக்கே வரவில்லை, அவ்வளவு துடைத்து வைத்திருந்தார். பாதி வழியில் திரைக்குள் மழை பிடித்துக்கொண்டது. அவள் விரல் தானாக வேகமாக அழுத்தியது. குடைக்காரி கோலை ஆட்டிக்கொண்டு ஓடினாள். திருப்பத்தில் முதல் புள்ளி வந்தது. நாலு கம்புமேல் ஓலைக் கூரை, கீழே ஒரு மரப் பெஞ்சு.

"உக்காரலாமா?"

"அந்தப் பொத்தான்."

அழுத்தினாள். குடைக்காரி பெஞ்சின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தாள். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகனிடம் கேட்டாள்.

"கொஞ்சம் தள்ளி உக்கார வைக்க முடியாதா? பக்கத்துல இன்னொருத்தருக்கு எடம் வேணுமே."

"முடியாதும்மா. அது நடுவுலதான் உக்காரும்."

அவள் பொத்தானை அழுத்திக் குடைக்காரியை எழுப்பினாள். பெஞ்சின் ஓரத்துக்கு மெல்ல நகர்த்தினாள், நின்றபடியே இருக்கட்டும் என்று கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டாள். பெஞ்சு காலியாக இருந்தது.