வளையத்தின் முன்பக்கம்

வெண்டலின் இடது கையில் இரண்டு விரல்கள் செத்துப்போய் வெகுநாளாகிவிட்டது. அன்று காலை, அடுப்பிலிருந்து இறக்கிய போகாச்சா ரொட்டித் தட்டு மேசையில் இடைஞ்சலாக இருந்ததென்று அந்த விரல்களாலேயே தள்ளிவைத்தான்.

"ஏங்க, விரல் வேகுது," என்றாள் எமெஷே.

"வேகட்டும். எனக்கென்ன தெரியவா போவுது."

அவளே அந்தக் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாயில் காட்டினாள். பதினாறு வருஷமாக இவனோடு குடித்தனம் பண்ணுகிறவள்.

அவன் ஆடும் விளையாட்டுக்குச் சுத்தியல் எறிதல் என்று பெயர். சுத்தியலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை; கம்பி முனையில் ஓர் இரும்புக் குண்டு. சோம்பத்ஹெய் ஊரில் அதைத் தூக்காதவனும் அதைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவான். வெண்டலைப் பற்றியும் பேசினார்கள். ஐரோப்பியப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வாங்கிய அன்று சூப் குடித்துவிட்டுப் படுத்தவன், மரக்கட்டை என்றார்கள். பொய்யில்லை. அன்று தனக்குச் சந்தோஷமே வரவில்லை என்பது அவனுக்கும் தெரியும். ஒலிம்பிக் வாய்ப்பு இரண்டு தடவை நூலிழையில் போனபோது துக்கமும் வரவில்லை. கம்பி முதலில் விரலைத் தின்றது, பிறகு உள்ளே போயிற்று என்று நினைத்துக்கொள்வான்.

இப்போது முப்பத்தெட்டு வயது. இன்று தேசியப் போட்டியில் சிவப்புக் கோட்டைத் தாண்டி எறிந்தால் ஒலிம்பிக். இல்லையென்றால் எறிவதே இன்றோடு சரி.

ஆறு எறிகளில் முதல் ஐந்தும் கோட்டுக்கு முன்னாலேயே விழுந்தன. வலைக்கூண்டுக்கு வெளியே பயிற்சியாளர் டெஜோ, பொரித்த லாங்கோஷ் ரொட்டி தின்ற எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்தார்.

"கடேசி இது. மூணாம் சுத்துல அவசரப்படாத."

"சரி, மாமா."

தரையில் பதித்த எறிவளையத்துக்குள் நின்று சுற்றினான். மூன்றாம் சுற்றில் அவசரப்படவில்லை. கைப்பிடி விரலைவிட்டுப் போனபோதே தெரிந்தது. குண்டு சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம், யாரும் தப்பாகச் சொல்ல முடியாத தூரத்தில், புல்லைக் கிளப்பிக்கொண்டு புதைந்தது.

நெஞ்சுக்குள் என்னவோ அசைந்தது. சந்தோஷம்தான். அவனுக்கே அடையாளம் தெரிய ஒரு கணம் ஆயிற்று. சிரித்தபடி அந்தக் குழியைப் பார்க்க நடந்தான்.

காலடியில் புல் பட்டபிறகுதான் அரங்கு அமைதியாகிவிட்டது தெரிந்தது.

எறிந்தவன் வளையத்தின் பின்பாதி வழியாகத்தான் இறங்க வேண்டும். முன்னால் இறங்கினால் எறி செல்லாது. டெஜோவிடம் சேரும் எந்தப் பொடியனும் முதல் நாள் கற்றுக்கொள்வது அதைத்தான். மறந்து முன்னால் இறங்குகிறவன் அன்று எல்லோருடைய குண்டுகளையும் பொறுக்கி வர வேண்டும். வெண்டல் ஒருநாள்கூடப் பொறுக்கியதில்லை.

நடுவர் கெர்கே ஒருகாலத்தில் இவனோடு ஒரே அறையில் தங்கி எறிந்தவன். எறி செல்லாது என்று அவனே சிவப்புக் கொடியைத் தூக்கினான்.

"என்னடா பண்ணித் தொலைச்ச? சின்னப் பசங்ககூடப் பின்னாலதானடா போவும்."

"பாக்கணும்னு இருந்துச்சு."

"எத?"

வெண்டல் தூரத்தில் இருந்த குழியைக் கை நீட்டிக் காட்டினான்.

போட்டி முடிந்து கூட்டம் கலைந்தது. எமெஷே கம்பித் தடுப்போரம் நின்றாள். டெஜோ வலைக்கூண்டுக்குள் வந்தார்.

"முன்னால இறங்கிட்டல்ல. போ, எல்லார் குண்டையும் பொறுக்கிட்டு வா."

கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அது கிண்டலாக இல்லை.

வெண்டல் போனான். ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். கடைசியாகத் தன் குண்டைப் பிடுங்கி எடுத்துவிட்டு, அந்தக் குழியருகே மண்டியிட்டு, இடது கையின் இரண்டு விரல்களை உள்ளே விட்டான். ஒன்றும் தெரியவில்லை. பிறகு கையை மாற்றி வலது கையை விட்டான்.

மண் ஈரமாக, குளுகுளுவென்று இருந்தது. அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.