வித்துராவிலிருந்து வந்த மணல் பானை

ஞானையனும் அவன் மனைவி லீலாபாயும் கண்ணாடியில் எழுத்து வெட்டிப் பிழைத்தவர்கள். திருவனந்தபுரத்தில், நந்தன்கோட்டு வீட்டுக்குப் பின்னால் இறக்கிய ஓலைச் சாய்ப்புதான் அவர்களுடைய பட்டறை. வக்கீல்களின் கதவுக்கும் டாக்டர்களின் கதவுக்கும் தம்பானூர்ப் பக்கம் புதிதாக முளைத்த ஹோட்டல்களுக்கும் அங்கிருந்துதான் பெயர் போகும். லீலாபாய் மெழுகுத்தாளில் எழுத்தை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டுவாள். ஞானையன் அதன்மேல் அமிலம் தடவுவான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷ மழைக்காலத்தில் அந்த அமிலம் அவன் பெருவிரலில் பட்டு, தோலைத் தாண்டி எலும்புவரை இறங்கிவிட்டது.

"இனி இது வீட்டுக்குள்ள வரப்பிடாது" என்று லீலாபாய் அமிலச் சாடியைத் தூக்கிக் கொண்டுபோய், வாங்கின கடையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். மணலைக் காற்றோடு பீய்ச்சிக் கண்ணாடியை அரிக்கும் மிஷின் ஒன்று வாங்குவது என்று முடிவாயிற்று.

சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் விற்பவன் ஒருவனிடம் துப்பாக்கி போன்ற சின்ன மிஷின் இருந்தது. அடியிலிருக்கும் மணலை அதுவே உறிஞ்சி வீசும். லீலாபாய் ஒரு கண்ணாடித் துண்டைக் கொடுத்து வீசிக் காட்டச் சொன்னாள். ஒரே எழுத்தின்மேல் மூன்று தடவை போகவேண்டியிருந்தது. அப்படியும் ஓரம் கலங்கியே நின்றது.

"வேற தினுசு ஒண்ணு உண்டு" என்றான் கடைக்காரன். "மணலை இரும்புப் பானைக்குள்ள போட்டு மூடி, காத்தை உள்ள அடைச்சுத் தள்ளுறது. அதுக்கு வேகம் ஜாஸ்தி. புதுசுன்னா கப்பல்ல வரணும். வித்துராவில ஒரு கான்ட்ராக்டர் தன்னோடதை விக்கப் போறாருன்னு கேள்வி. பொன்முடித் தேயிலை பாக்டரி சாமானுக்குத் துரு எடுத்துக்கிட்டிருந்தவர்."

அடுத்த சனிக்கிழமை இருவரும் நெடுமங்காடு வழியாக வித்துராவுக்கு பஸ் ஏறினார்கள்.

கான்ட்ராக்டர் வீடு சந்தையைத் தாண்டி ஒரு சரிவில் இருந்தது. அவருடைய மனைவி தாசம்மாள் வாசலில் நின்று வரவேற்றாள். கணவருக்கு உடம்பு சரியில்லை, படுத்திருக்கிறார் என்றாள். காற்றடைக்கும் எஞ்சினை ஓட்டும் வேலாயுதன் மிஷினைக் காட்டினான். மார்பளவு உயரத்தில் கனத்த இரும்புப் பானை. அடியிலிருந்து ரப்பர் குழாய். அது இருந்த கொட்டகையில் நான்கு பக்கமும் பலகை அடித்து, பலகை இடுக்குகளில் சாக்குத் துணி திணித்திருந்தது. கதவைச் சாத்தினால் மேலே இருந்த ஒரு கண்ணாடி ஓடு வழியாக மட்டும்தான் வெளிச்சம்.

வேலாயுதன் வெளியே போய் எஞ்சினைக் கிளப்பினான். ஞானையன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குழாயைப் பிடித்தான். லீலாபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியபடி கண்ணாடியைப் பிடித்தாள். குழாய் சீறியது. அவள் ஒட்டியிருந்த எழுத்துக்கள் ஒரே வீச்சில், கத்தியால் கீறியதுபோல் கண்ணாடியில் பதிந்தன. அவளுக்கு நம்ப முடியவில்லை. இன்னொரு துண்டு எடுத்துக் கொடுத்தாள். பிறகு இன்னொன்று.

வெளியே வந்தபோது இருவர் புருவமும் இமையும் வெளுத்திருந்தன. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"இதுதான்" என்றாள் லீலாபாய். "வேற பாக்கவே வேண்டாம்."

தாசம்மாள் குடிக்கச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "அவியளுக்கு எழும்ப வய்யா. உள்ள வந்து ஒரு வார்த்த பேசிட்டுப் போங்க."

உள்ளறைக் கட்டிலில், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்பு புடைத்தது. ஞானையன் கைகூப்பினான்.

"தோத்திரம் ஐயா. மிஷின் நல்லா இருக்கு."

கிழவர் அவனையே பார்த்தார். உதடு கோணிச் சிரித்தது.

"எலே ஞானையா. என்னத் தெரியல்லியா? ராஜமணியாக்கும்."

ஞானையனின் கூப்பிய கை அப்படியே நின்றது. ராஜமணி அவனோடு பாறசாலை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கிறிஸ்துமஸ் பஜனைக்குப் போகும்போது கேஸ் லைட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்தச் சுமையோடேயே எல்லோருக்கும் மேலாகக் குரலெடுத்துப் பாடியவன். ஞானையனைவிட ஒரு வயது இளையவன். ஞானையனுக்கு அப்போது முப்பத்தைந்து.

"ராஜமணி" என்றான். கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"குளிர் தேசமில்லியா" என்றான் ராஜமணி. நாலு சொல்லுக்கு ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டு பேசினான். "மஞ்சுப் பனி எறங்கி நெஞ்சுல சளி கட்டிப் போச்சு. வைத்தியன் க்ஷயம்னு சொல்லுகான். எங்கூட வேல பாத்த பயலுவ ரெண்டு பேருக்கும் இதுதான். அவனுவ போயிட்டானுவ. ஒருத்தன் போன ஆடியில."

லீலாபாய் தன் முழங்கையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். விரலில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. தாசம்மாள் தந்த செம்பைப் பார்த்தாள். அவள் கையிலிருந்து உதிர்ந்தது தண்ணீர்மேல் மெல்லிய ஆடைபோலப் படர்ந்து கிடந்தது.

"அந்த ரெண்டு பேரும் கொட்டகைக்குள்ளதான் நிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"பின்ன. மூணு பேரும் மாறி மாறிக் குழாய் பிடிப்போம்."

அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "வேலாயுதண்ணே, நீங்க எங்க நிப்பீங்க?"

"ஞான் வெளியில. எஞ்சின் பக்கத்தில" என்றான் வேலாயுதன். கருத்துத் திரண்ட உடம்பு அவனுக்கு. அவனுக்கும் அதே மஞ்சு, அதே குளிர்.

கேட்டிருக்கக் கூடாது என்று லீலாபாய்க்கு அப்போதுதான் தோன்றியது. ராஜமணி வேலாயுதனைப் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தான்.

"பலகை அடிச்சது நானாக்கும்" என்றான். "மணல் பறந்து போவுதேன்னு. சாக்குத் திணிச்சதும் நான்தான்." பிறகு கொட்டகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அந்தப் பயலுவள, தேயிலைக் கூலிக்காரங்க லயத்துல போய், அவனுவ அம்மமார்கிட்ட கேட்டுக் கூட்டிட்டு வந்தேன்" என்றான்.

பஸ்ஸில் திரும்பும்போது லீலாபாய் வழி நெடுகக் காறிக் காறித் துப்பிக்கொண்டு வந்தாள்.

அவர்கள் பெயரெழுத்து வெட்டிக் கொடுத்த டாக்டர் ஒருவர் ஊரில் இருந்தார். இருவரும் அவரிடம் போய்ச் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"அது க்ஷயம் மட்டும் இல்லை. மணல் உடைஞ்ச கல் தூசி. நெஞ்சுக்குள்ளே போய்ப் படிஞ்சா திரும்ப வராது. மருந்து கிடையாது" என்றார். "நீங்க உள்ளே நின்னது கொஞ்ச நேரம்தானே? அது பயமில்லை. அதோட நிறுத்திக்குங்க."

மிஷின் வாங்கும் யோசனையை ஞானையன் விட்டுவிட்டான். தூரிகையால் பெயின்ட் எழுத்து எழுத ஆரம்பித்தான். ராஜமணியின் முகம் அவனைத் தூங்கவிடவில்லை. ஒரு நாள் காலையில் வேலாயுதன் வீடு தேடி வந்து நின்றான்.

"கொல்லத்துக்காரன் ஒருத்தன் வந்து நல்ல விலை சொன்னான். மொதலாளி அவனை விரட்டி விட்டுட்டார். ஆருக்கும் கொடுக்க மாட்டேன்னு ஒரே பிடி. வீட்டில அரிசிக்கே கஷ்டம். நீங்க வந்து ஒரு வார்த்தை பறயணும்."

அன்றே போனார்கள். ராஜமணி இன்னும் மெலிந்திருந்தான். பேசியது லீலாபாய்தான்.

"பானையை வெளிய வச்சு, குழாயை மட்டும் ஒரு பெட்டிக்குள்ள விட்டா என்ன? கண்ணாடியும் பெட்டிக்குள்ள. கை மட்டும் உள்ள போகட்டும்."

ராஜமணி கண்ணை மூடி யோசித்தான். "செஞ்சு கொண்டு வா. ஒரு பொடி வெளிய வரப்பிடாது. நான் பாக்கணும். இல்லேன்னா அது இங்கேயே துருப்பிடிச்சுக் கெடக்கட்டும்."

மரப்பெட்டி செய்தார்கள். மேலே பார்க்கக் கண்ணாடி, கை நுழைக்க இரண்டு கான்வாஸ் உறை, பின்னால் தூசியைத் தண்ணீர்ப் பீப்பாய்க்குள் கொண்டுவிட ஒரு குழாய். பஸ் கூரையில் ஏற்றி வித்துராவுக்குக் கொண்டுபோனார்கள். ஞானையன் ராஜமணியை நாற்காலியோடு முற்றத்துக்குத் தூக்கி வந்தான். நாற்காலியின் கனம்தான் கையில் தெரிந்தது.

ராஜமணி தன் கல்யாணத்துக் கறுப்புக் கோட்டை எடுத்துவரச் சொல்லிப் பெட்டியின்மேல், இடுக்குகளை மூடும்படி விரிக்க வைத்தான். மணலை வீசி முடித்து எஞ்சினை நிறுத்தியதும் கோட்டின் விளிம்பு நெடுக வெள்ளைக் கோடு.

"திரும்பக் கொண்டு போ" என்றான்.

இடுக்குகளுக்குக் கம்பளி வைத்துத் தைத்துத் திரும்ப வந்தார்கள். அப்போதும் கை உறைப் பக்கம் லேசாகக் கசிந்தது. மறுபடி கொண்டுபோய் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை கோட்டு கறுப்பாகவே இருந்தது. ராஜமணி அதன்மேல் விரலை ஓட்டி, விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பானையையும் எடுத்துட்டுப் போ" என்றான்.

தாசம்மாள் கோட்டை மடிப்பதற்கு எடுத்தாள். பழக்கத்தில் இரண்டு உதறு உதறினாள். உதறிய கை பாதியில் நின்றது.

"மைனி" என்றாள் லீலாபாயிடம். சத்தம் மிகவும் தணிந்திருந்தது. "இவிய வேலத் துணிய நான் தெனமும் இப்படி உதறிட்டுத்தான் துவைப்பேன். அந்தக் கொட்டகைய ரெண்டு நேரமும் பெருக்குனது நானாக்கும்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இத்தனை தடவை வந்துபோயும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

ராஜமணி நாற்காலியின் கைகளை ஊன்றி எழும்பப் பார்த்தான். முடியவில்லை.

"இஞ்ச வா" என்றான். "திரும்பி இரி."

அவள் அவன் முன்னால் தரையில், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவன் குனிந்து, அவள் முதுகில் காதை வைத்தான். பக்கத்து ரோட்டில் தேயிலை மூட்டை ஏற்றிய வண்டி கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. வேலாயுதன் ஓடிப்போய் வண்டிக்காரனை நிறுத்தினான்.

"இழு" என்றான் ராஜமணி. "விடு. இன்னும் ஒருக்கா இழு."

தன் மூச்சின் இரைச்சலில் அவனுக்கு எதுவும் கேட்டிருக்காது. காதை எடுக்காமல் வெகு நேரம் அப்படியே இருந்தான்.

அடுத்த ஈஸ்டருக்கு முன்பே ராஜமணி இறந்துபோனான். ஞானையனின் பட்டறையில் பானை முற்றத்தில் நின்றது, பெட்டி சாய்ப்பில். வேலை நன்றாக நடந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் லீலாபாய் ஈரத்துணியால் மட்டுமே துடைப்பாள். துடைப்பத்தை அந்தப் பக்கம் விடுவதில்லை.

தாசம்மாளை அந்த டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். இப்போதைக்குக் கெட்டதாக ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் இது பல வருஷம் கழித்தும் வரலாம், ஆறு மாசத்துக்கு ஒருமுறை வரவேண்டும் என்றார். அவள் வித்துரா பஸ்ஸில் வந்து இறங்குவாள். லீலாபாயும் கூடப் போவாள். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்கும்போது தாசம்மாள் கண்ணை மூடிக்கொள்வாள். லீலாபாய் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.