பொக்கெலும்பு

எலும்பு டாக்டர் ஜக்கையனுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியிலேயே நிற்கும். கட்டுப் போடத் தெரியாத மாணவன், எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்காமலே 'வாதம்' என்று சீட்டு எழுதும் டாக்டர், பிலிம் தீர்ந்துவிட்டது என்று கையை விரிக்கும் குமாஸ்தா, எல்லாரும் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் 1979 ஆனி மாதத்தில் ஒரு நாள், மதுரை ஆஸ்பத்திரி வார்டில் இருபது மாணவர்கள் சுற்றி நிற்க, அவரே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

திட்டியவள் முனியாயி. போடி மலையில் குரங்கணிக்கு மேலே ஏலக்காய் எஸ்டேட்டில் காய் பறிக்கிறவள்.

"பொக்குன்னு சொன்னீங்களே டாக்டரய்யா, நல்லா இருப்பீங்களா? அந்த ஒத்தச் சொல்லு முப்பத்திரண்டு பொம்பளைக அடுப்புல தண்ணிய ஊத்திருச்சே!"

"மொதல்ல உக்காரு முனியாயி. என்ன நடந்துச்சு? இந்த வாரம் ஊசி போட்டுக்கிட்டியா?"

"ஊசியாம் ஊசி! ஒங்க பட்டியல்ல பேரு இருக்கிறவளுக்கு இனிமே சோலி கெடையாதாம். எஸ்டேட்டு குடுத்த லைன் வீட்டையும் காலி பண்ணச் சொல்லிட்டாக. 'பொக்குக் காயவே நாங்க பொறுக்கித் தள்ளிருவோம், பொக்கெலும்ப வச்சு என்ன பண்ண'ன்னு சூப்பிரண்டு சிரிக்கிறாரு."

ஜக்கையனுக்கு மண்டை சூடேறியது. அந்தச் சொல் அவருடையதுதான்.

போன வருஷம் முனியாயி முதன்முதலாக வந்தபோது, வாத்து மாதிரி இடுப்பை அசைத்து அசைத்து நடந்தாள். வேலைக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறாள் என்று ரெண்டு டாக்டர்கள் விரட்டியிருந்தார்கள். ஜக்கையன் படமெடுத்துப் பார்த்தார். இரண்டு தொடை எலும்பிலும் மேல்பக்கம் கோடு கோடாக விரிசல். அவள் விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. அதே மலையிலிருந்து இன்னொருத்தி வந்தாள், பிறகு நாலு பேர். அதோடு விடுகிற ஆளா அவர்? போடிப் பக்கத்துச் சிலமலையில் விவசாயச் சம்சாரி வீட்டில் பிறந்து, பதினைந்து வருஷம் எலும்பே கதியென்று கிடந்த மனுஷன். கூடப் படித்தவர்களெல்லாம் சொந்தமாக கிளினிக் போட்டுக் கார் வாங்கினார்கள். இவர் சனிக்கிழமைதோறும் போடி பஸ்சைப் பிடித்து, ஜீப்பில் தொற்றி மலை ஏறினார்.

முப்பத்திரண்டு பெண்கள் அவரை நம்பி இடுப்பெலும்பில் கடலைப் பருப்பளவு சில்லு எடுக்க விட்டார்கள். அதைச் சீவிச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டது. எலும்பு உண்டாகிறது, அதில் சுண்ணாம்புச் சத்து ஏறவில்லை. எப்படி ஏறும்? விடியுமுன் சோலைக்குள் நுழைந்தால் பொழுது சாய்ந்துதான் வெளியே வருகிறார்கள். மேலே அடர்ந்த மரம், அதற்கு மேலே மழை மேகம், தலையில் மழைக்கு மடித்துப் போட்ட கொங்காணிச் சாக்கு. வெயில் என்பது உடம்பில் படுவதே இல்லை. போதாததற்கு அடுத்தடுத்துப் பிள்ளை, கஞ்சித் தண்ணீர் சாப்பாடு. தீர்க்கிற வழி ஒன்றும் பெரிசில்லை. ஊசி, மாத்திரை, தினமும் ஒரு மணி நேர வெயில், ஒரு வருஷத்துக்குக் கனம் தூக்காமல் இருப்பது.

இதைத்தான் அந்தப் பெண்களை உட்கார வைத்து அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "பொக்குக் காய் பாத்திருக்கீகல்ல? தோலு இருக்கும், உள்ள ஏலரிசி இருக்காது. ஒங்க எலும்பும் அப்படித்தான் ஆயிருக்கு. சரி பண்ணிரலாம்." அவர்களும் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். அப்புறம் பெயர்களைப் பட்டியல் எழுதி, தினமும் ஒரு மணி நேரம் வெயிலில் விட வேண்டும், கனம் தூக்கக் கூடாது என்று குறித்து, எஸ்டேட் சூப்பிரண்டு ராஜாராம் கையில் கொடுத்தார். போடியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சிநேகிதன். 'ஆகட்டும் மாப்ளே, வெயிலுதானே, காசா பணமா' என்றவன்தான் இந்த வேலையைச் செய்திருக்கிறான்.

அன்றைக்கே முனியாயியையும் கூட்டிக்கொண்டு ஜக்கையன் போடிக்குப் பஸ் ஏறினார். அங்கிருந்த எஸ்டேட் ஆபீசுக்குள் அவர் நுழைந்த வேகத்தில் வாசல்காரன் எழுந்து ஒதுங்கிக்கொண்டான்.

"வா மாப்ளே, காபி சொல்லவா?" என்றான் ராஜாராம்.

"காபிய ஒந்தலையில ஊத்து. பட்டியல எதுக்குடா குடுத்தேன் ஒனக்கு?"

"ஏன் இப்படிக் கொதிக்கிற? 'கனம் தூக்கக் கூடாது'ன்னு நீதானே எழுதியிருக்க? தூக்க மாட்டாதவளுக்கு லைன் வீடு எதுக்குன்னு மொதலாளி கேக்குறாரு. நான் என்ன சொல்ல?"

"வெயில்ல விடச் சொன்னேன்டா படுபாவி, வீதியில விடச் சொல்லல!"

"அப்ப ஒண்ணு செய்யி. எலும்பு நல்லாருக்குன்னு நீயே சர்டிபிகேட் எழுதிக் குடு. நாளைக்கே சேத்துக்கிறேன்."

வாசலில் நின்ற முனியாயி இதைக் கேட்டுவிட்டாள். ஜக்கையன் வெளியே வந்ததும் மறித்துக்கொண்டாள்.

"எழுதிக் குடுத்துருங்கய்யா."

"அறிவிருக்கா ஒனக்கு? மருந்து ஆரம்பிச்சு மூணு மாசந்தான் ஆகுது. இப்ப மூட்டை தூக்கினா தொடை ஒடிஞ்சிரும்."

"கால் ஒடிஞ்சா கட்டுப் போட நீங்க இருக்கீக. எம் மூணு பிள்ளைக வயிறு காஞ்சா அதுக்கு என்ன கட்டுப் போடுவீக?"

ஜக்கையனுக்கு ராஜாராம் மேல் கோபம், முகம் காட்டாத முதலாளி மேல் கோபம், எதிரே நிற்கிற இவள் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் மேலேயே கோபம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் காகிதம் வாங்கி, முப்பத்திரண்டு தடவை எழுதினார். 'பரிசோதித்தேன். எலும்பு நலமாக உள்ளது. எல்லா வேலைக்கும் தகுதியானவர்.' கடைசிக் கையெழுத்தில் பேனா முனை காகிதத்தைக் கிழித்துவிட்டது.

எஸ்டேட் எல்லாரையும் திரும்பச் சேர்த்துக்கொண்டது. பிறகும் ஊசியையும் மாத்திரையையும் அவரே சனிக்கிழமைகளில் மலைக்குச் சுமந்து போனார். இன்னும் ஒன்பது மாசம் தாங்கிவிட்டால் போதும் என்று ஒவ்வொரு வாரமும் எண்ணினார். தாங்கவில்லை. ஐப்பசி மழையில், பச்சைக்காய் மூட்டையைக் காய் உலர்த்தும் ஸ்டோருக்குத் தூக்கிப் போன முனியாயிக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வலது தொடை ஒடிந்தது. கம்பளியில் சுருட்டி ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஜக்கையன் எலும்புக்குள் கம்பி ஏற்றினார். கூடியது, ஆனால் கால் குட்டையாகிப் போனது.

எஸ்டேட் கையைக் கழுவிக்கொண்டது. தை மாதம், முனியாயி கேட்ட நஷ்டஈட்டுக்காகத் தொழிலாளர் அதிகாரி முன்னால் விசாரணை நடந்தது. ராஜாராம் சர்டிபிகேட்டை எடுத்து மேசையில் வைத்தான்.

"எலும்பு நல்லாருக்குன்னு டாக்டரே எழுதியிருக்காரு சார். நல்ல எலும்பு நடக்கும்போது ஒடியுமா? எங்கேயோ விழுந்துட்டு எங்க தலையில கட்டப் பாக்குறா."

அதிகாரி காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். "இது உங்க கையெழுத்துதானே டாக்டர்?"

"என்னோடதுதான். எழுதியிருக்கிறது பொய். தெரிஞ்சே எழுதினேன். பொய்னு இந்தா நிக்கிறானே, இவனுக்கும் தெரியும். எலும்பு மெலிஞ்சவங்க பட்டியல் மொதல்ல இவன் கைக்குத்தான் போச்சு."

"மாப்ளே, பைத்தியமா ஒனக்கு?" ராஜாராம் எழுந்தேவிட்டான்.

அதிகாரி நிதானமாகச் சொன்னார். "இத எழுத்துல குடுத்தாத்தான் இந்தம்மாவுக்கு வழி பிறக்கும். ஆனா குடுத்தீங்கன்னா உங்க மேல நடவடிக்கை வரும். டாக்டர் தொழிலே போனாலும் போயிரும். யோசிச்சுக்குங்க."

ஜக்கையன் ஒரு வெற்றுக் காகிதத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார். மதுரையில் மைக்ராஸ்கோப்பின் அருகே இன்னும் பார்க்காத எலும்புச் சீவல்கள் டப்பா டப்பாவாகக் கிடந்தன. அவருடைய கட்டுரையை அச்சிடச் சம்மதித்து வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கடிதம் வந்திருந்தது. பொய்க் கையெழுத்துப் போட்டவன் கட்டுரையை இனி எவன் நம்புவான்? ரெண்டு வரி எழுதினார்.

மூலையில் கட்டையை ஊன்றி முனியாயி எழுந்தாள்.

"நாந்தான் கேட்டேன்னும் எழுதுங்கய்யா," என்றாள். குரல் அறைக்கு வெளியேயும் கேட்டிருக்கும். "எதுக்குக் கேட்டேன்னும் எழுதுங்க."

ஜக்கையன் ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.