ஒரு கவளம்

"ஆன்ட்டி, தைலம் தேய்ச்சு மாலிஷ் பண்ணீங்களா?" என்று டாக்டர் மாதுரி கேட்டபோது காமாக்ஷி கூசாமல் "இல்லை" என்றாள். அவள் புடவைத் தலைப்பிலிருந்து கிளம்பிய தைல வாசனை ஆஸ்பத்திரியின் மருந்து நெடியையும் மீறி வேறு கதை சொன்னது. பக்கத்தில் நின்ற கணவர் ரங்கராஜன், சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

தில்லிக் குளிர்கால விடியலில் கோல் மார்க்கெட்டுக்குப் பால் வாங்கப் போய், வழுக்கி விழுந்து, காமாக்ஷிக்கு வலது முழங்கை நொறுங்கியிருந்தது. தகடு வைத்து எலும்பைச் சேர்த்தவள் இந்த மாதுரிதான். தைலம் போட்டு உருவக் கூடாது, யாரும் பிடித்து மடக்கக் கூடாது, நோயாளியே மெல்ல மடக்கிப் பழக வேண்டும் என்று அப்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ரங்கராஜன் கேட்டால்தானே! தில்லியில் பிறந்த பெண்ணுக்குத் தைலத்தின் அருமை என்ன தெரியும் என்று, கும்பகோணத்து அக்கா அனுப்பிய பாட்டிலைத் திறந்து, தினமும் சூடு பறக்கத் தேய்த்து மடக்கினார். காமாக்ஷியும் பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் கொடுத்தாள்.

மாதுரி எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினாள். "தேக்கோ ஆன்ட்டி, இதப் பாருங்க, வளரக் கூடாத இடத்துல எலும்பு வளர ஆரம்பிச்சிருக்கு. இன்னும் தேய்ச்சா கை இப்படியே நின்னுடும். அப்பறம் இன்னொரு ஆபரேஷன், அதுக்கும் கேரண்டி கிடையாது. கை வாய்க்கு வருதா?"

"வராது. நான்தான் ஊட்டிவிடறேன்" என்றார் ரங்கராஜன் பெருமையாக.

"ஊட்டாதீங்க, அங்கிள். அவங்க தலையும் குனியக் கூடாது. கைதான் மேல வரணும்."

ஆட்டோவில் திரும்பும்போது காமாக்ஷி அவர் ஊட்டுவதையே நினைத்துக்கொண்டு வந்தாள். ஓய்வு பெற்றபின் ரங்கராஜனுக்குக் கிடைத்த ஒரே உத்தியோகம் இது. மிளகு, கறிவேப்பிலை எல்லாம் பொறுக்கிவிட்டு, குழையப் பிசைந்து, அவளுக்கு ஊட்டி, உதட்டையும் துடைத்துவிடுவார். முதலில் அவளுக்குக் கண் நிறைந்தது. போகப்போக அந்தக் கை வாயருகே வந்தாலே எரிச்சலாக இருந்தது. இத்தனை பிரியமான மனுஷர்மேல் எரிச்சல் வருகிறதே என்று தன்மேலேயே கோபமும் வந்தது. இடது கையால் சாப்பிட அவளுக்கு மனம் ஒப்பாது. ஆயுசு முழுக்க இன்னொருவர் கையை எதிர்பார்த்து வாயைத் திறக்க முடியாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் தைல பாட்டிலை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"அக்கா கேட்டா என்னடி சொல்றது?"

"கை மடங்கலேன்னா உங்க அக்காவா வந்து ஊட்டப்போறா? ரசஞ்சாதம் போடுங்கோ. போட்டுட்டு சும்மா உக்காருங்கோ."

அவளே பிசைந்தாள். ஒரு கவளம் எடுத்து உயர்த்தினாள். மார்புவரை சுலபமாக வந்தது. கழுத்தருகே முழங்கைக்குள் கம்பியைச் செருகியதுபோல் வலித்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது இதுதான். கவளம் சிதறிப் புடவையில் விழுந்தது. ரங்கராஜனின் கை தானாகத் தட்டை நோக்கி நீண்டது. அவள் பார்த்த பார்வையில் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

மறுபடி எடுத்தாள். மறுபடி விழுந்தது. தலை குனியவில்லை. முகவாய் தாண்டி விரல் நடுங்கி நின்றபோது, ஒரே ஒரு பருக்கை கீழுதட்டில் ஒட்டியது. நாக்கை நீட்டி அதை எடுத்துக்கொண்டாள்.

"உப்பு போறலை" என்றாள்.

ரங்கராஜன் எழுந்துபோய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து, அவள் வலது கைப்பக்கம் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.